பிறவிக் குறைபாட்டோடு ஒரு நாய்க்குட்டி: தூக்கிட்டு வந்தாச்சு, அடுத்து என்ன?

ஹிஞ்சவடி, வாகட் பக்கம் வாடகைக்கு இருப்பவர்களுக்கு, அடுக்குமாடிக் குடியிருப்பின் பார்க்கிங்கில் தெருநாய் குட்டி போடுவது பழகிய காட்சி. ஐந்தாறு குட்டிகளில் ஒன்று மட்டும் தனியாகக் கிடக்கும். குடித்த பால் மூக்கு வழியாக வரும். இல்லையென்றால் நான்கு காலும் தவளை போல விரிந்திருக்கும். தாய் நாயும் கண்டுகொள்ளாது. 'பாவம்'னு தூக்கிட்டு வந்தாச்சு. ராத்திரி பதினோரு மணி. இப்போ என்ன பண்றது?

இந்தக் குட்டி பிழைக்குமா என்பது குறைபாடு எவ்வளவு பயங்கரமாகத் தெரிகிறது என்பதைப் பொறுத்தது இல்லை. விழுங்க முடிகிறதா, வலி இல்லாமல் இருக்கிறதா, உங்களிடம் நேரம் இருக்கிறதா? இந்த மூன்றும்தான் முடிவு செய்கின்றன. அமெரிக்காவில் 2002-ல் முன்னங்கால்கள் சரியாக உருவாகாமல் பிறந்த 'ஃபெய்த்' என்ற நாய், பின்னங்கால்கள் இரண்டில் மனிதரைப் போல நடக்கப் பழகி, 2014 வரை வாழ்ந்தது. பார்வைக்கு எந்தக் குறையும் இல்லாமல் உணவுக்குழாய் மட்டும் தளர்ந்து போன குட்டியைக் காப்பாற்றுவது அதைவிடக் கஷ்டம்.

எது சமாளிக்கக் கூடியது?

கால் விரிந்த குட்டிகளுக்கு நல்ல வாய்ப்பு உண்டு. மூன்றாவது வாரத்தில் மற்ற குட்டிகள் எழுந்து நிற்கும்போது இது மட்டும் நீந்துவது போலத் தரையில் துழாவும். சீக்கிரம் ஆரம்பித்தால், கால்களைச் சேர்த்துக் கட்டும் மெல்லிய டேப், தினசரி பிசியோதெரபி, வழுக்காத தரை ஆகியவற்றால் பல குட்டிகள் நடந்துவிடும். நம் ஃபிளாட்டுகளின் பளபள டைல்ஸ்தான் இதற்கு முதல் எதிரி. பழைய யோகா மேட் போதும்.

சிறுமூளை சரியாக வளராத குட்டி தள்ளாடும், சாப்பிடப் போனால் தலை நடுங்கும். பார்க்க மனசு கஷ்டப்படும். ஆனால் அதற்கு வலி இல்லை, நாளாக நாளாக மோசமாவதும் இல்லை. உணவுக்குழாய் தளர்ந்த குட்டியோ, திட உணவு ஆரம்பித்ததும் சாப்பிட்டதை அப்படியே வெளியே தள்ளும். அதை நிமிர்ந்து உட்கார வைத்து ஊட்டி, அதற்குப் பிறகும் கால் மணி நேரத்துக்கு மேல் அப்படியே வைத்திருக்க வேண்டும். அதுவும் ஒவ்வொரு வேளையும், ஆயுள் முழுக்க. இதயத்தருகே ஒரு ரத்தக்குழாய் தவறான இடத்தில் அமைந்து உணவுக்குழாயை அழுத்துவதுதான் காரணம் என்றால், சீக்கிரம் அறுவை சிகிச்சை செய்தால் பலன் கிடைக்கும்.

அண்ணப்பிளவு: பால்தான் ஆபத்து

மேல் அண்ணம் பிளந்து பிறக்கும் குட்டிகள் பெரும்பாலும் பிளவால் சாவதில்லை, புரையேறித்தான் சாகின்றன. பால் நுரையீரலுக்குள் போய் நிமோனியா வந்துவிடும். எனவே பாட்டில், சிரிஞ்ச், பஞ்சு எதுவும் வேண்டாம். பச்சிளம் குழந்தைகளுக்கான ஃபீடிங் டியூப் மூலம் நேராக இரைப்பைக்கே பால் போக வேண்டும். மூக்கு நுனியிலிருந்து கடைசி விலா எலும்பு வரை அளந்து டியூபில் குறி வைப்பார்கள். கேட்கச் சுலபம். ஆனால் டியூப் தவறி மூச்சுக்குழாய்க்குள் போனால் கதை முடிந்தது. யூடியூப் பார்த்து முயற்சி செய்யாதீர்கள். கால்நடை மருத்துவர் முன்னால் ஒருமுறை நீங்களே செய்து காட்டிவிட்டு வீட்டுக்கு வாருங்கள்.

ஊட்டும் முன் தொட்டுப் பாருங்கள். குட்டி சில்லென்று இருந்தால் பால் கொடுக்கவே கூடாது. உடல் வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போனால் செரிமானம் நின்றுவிடும். முதல் வாரத்தில் அதனால் தன் சூட்டைத் தானே காத்துக்கொள்ள முடியாது. புனேயின் டிசம்பர் இரவு 10 டிகிரி வரை இறங்கும் என்பதை நினைவில் வையுங்கள். டவலில் சுற்றிய வெந்நீர் பாட்டில், சூடு அதிகமானால் நகர்ந்துகொள்ளக் கொஞ்சம் இடம், இவ்வளவு போதும்.

பசும்பால் வேண்டாம். நாய்ப்பாலில் புரதமும் கொழுப்பும் அதைப் போல இரு மடங்குக்கும் மேல். நாய்க்குட்டிகளுக்கென்றே பால் பவுடர் கிடைக்கிறது. பிறந்த குட்டிக்கு இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, ராத்திரியிலும் ஊட்ட வேண்டும். மூன்று வாரம் வரை ஒவ்வொரு முறையும் ஈரப் பஞ்சால் தடவிவிட்டால்தான் சிறுநீரே போகும். தினமும் கிச்சன் தராசில் எடை பாருங்கள். எடை ஏறவில்லை என்றால் அன்றே மருத்துவர். பிளவைத் தைக்கும் அறுவை சிகிச்சை பொதுவாக மூன்று நான்கு மாத வயதில்தான். ஒரே தடவையில் மூடாமலும் போகலாம்.

ஒர்க் ஃப்ரம் ஹோம் இருந்தாலும் ஒருவரால் இதைத் தனியாகச் செய்ய முடியாது. ரூம்மேட்டிடம் முதலிலேயே பேசிவிடுங்கள், ஷிஃப்ட் போட்டுக்கொள்ளுங்கள்.

முடியவில்லை என்றால்?

உரிமையாளர் இல்லாத விலங்குகளுக்காகப் புனேயில் 2007 முதல் ரெஸ்க்யூ சாரிட்டபிள் டிரஸ்ட் இயங்குகிறது. முந்த்வாவில் புளூ கிராஸ் இருக்கிறது. இடம் இருக்கிறதா என்று முதலில் போன் செய்து கேளுங்கள். தூக்கிய இடத்திலேயே திரும்ப விட்டுவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். உங்கள் பொறுப்பில் இருக்கும் விலங்கைப் பட்டினி கிடக்கும்படி கைவிடுவது 1960-ம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் தடவைக்கான அபராதம் இன்றும் 10 முதல் 50 ரூபாய்தான் என்பது வேறு கதை.

காசு கொடுத்து வாங்கிய குட்டி என்றால், கேள்வி விற்றவரிடம் போக வேண்டும். 2017 விதிகளின்படி நாய் வளர்த்து விற்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. அதற்குள் இந்தக் குறைபாடுகளில் பலவும் வெளியே தெரிந்துவிடும். புல்டாக் போன்ற தட்டை முக இனங்களில் அண்ணப்பிளவு அதிகம். சினை நாய்க்குத் தோல் பூஞ்சைக்காக கிரிசியோஃபுல்வின் மாத்திரை கொடுத்தாலும் வரலாம்.

சில குட்டிகளுக்கு எதுவும் உதவாது. மூச்சு விடவே திணறுகிறது, எடை இறங்கிக்கொண்டே போகிறது, வலியில் கத்துகிறது என்றால், கருணைக்கொலை பற்றி மருத்துவரிடம் நீங்களே கேட்கலாம். டாக்டர் அதைச் சொல்லத் தயங்கி, நீங்கள் கேட்கத் தயங்கி, நடுவில் நாலு நாள் குட்டி கஷ்டப்படுவது அடிக்கடி நடக்கிறது. எடை, எத்தனை முறை பால், எத்தனை முறை புரையேறியது, எவ்வளவு நேரம் நிம்மதியாகத் தூங்கியது என்று போனில் குறித்து வைத்திருந்தால், அந்தப் பேச்சை அங்கிருந்தே ஆரம்பிக்கலாம்.