வாடகைக்கு விட வீடு வாங்கும் முன்

நாலு காசு மீந்ததும் ஒரு வீட்டை வாங்கி வாடகைக்கு விட்டால் வயதான காலத்துக்கு உதவும் என்று நம் வணிகப் பெருமக்களில் பலர் எண்ணுகிறார்கள். நல்ல எண்ணமே. ஆனால் ஒரு மூட்டை பருப்புக்குப் பத்து இடத்தில் விலை விசாரிக்கும் நாம், வீடு என்றதும் கணக்குப் பார்க்க மறந்துவிடுகிறோம்.

பழைய வீடு ஒன்று 40 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். ஆக அடக்கம் 43.60 லட்சம். மாத வாடகை 10 ஆயிரம் என்றால் வருடத்துக்கு 1.20 லட்சம். ஆள் மாறும்போது ஒரு மாதம் பூட்டிக் கிடக்கும். வீட்டு வரி, வெள்ளையடிப்பு, மோட்டார் ரிப்பேர் என்று 20 ஆயிரம் போகும். கையில் நிற்பது 90 ஆயிரம். நூற்றுக்கு வருடம் இரண்டு ரூபாய்ச் சொச்சம்தான்! வங்கி வைப்பே இதைவிட மேல். மனை விலை ஏறும் என்ற நம்பிக்கையில்தான் வாங்குகிறோம். ஆகவே கடையின் சுழல் முதலை எடுத்தோ, வட்டிக்கு வாங்கியோ இதில் முடக்குவது கூடாது.

அட்வான்ஸ் விஷயத்தில் நாம் செய்த தவறையும் சொல்லியாக வேண்டும். பல வருடங்களுக்கு முன், குடியிருந்த ஆசிரியர் ஒருவரிடம் பத்து மாத அட்வான்ஸ் வாங்கி, அதைத் தீபாவளிச் சரக்கில் போட்டுவிட்டோம். மகள் கல்யாணத்துக்காகக் காலி செய்கிறேன் என்று வந்து நின்றார். சரக்கு முழுவதும் கடனில் வெளியே நின்றது. பத்து நாள் என்று சொல்லி நாற்பது நாள் இழுத்தோம். அவர் மனைவியின் நகையை அடகு வைத்துக் கல்யாணத்தை முடித்தார் என்று பிறகு தெரிந்தது. அடகு வட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். அவர் வாங்கவில்லை. அன்று முதல் அட்வான்ஸ் பணம் தனிக் கணக்கில் வங்கியில் இருக்கிறது.

2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள புதிய வாடகைச் சட்டப்படி எழுத்து மூலமான ஒப்பந்தம் கட்டாயம். அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யவும் வேண்டும். வேறுவிதமாக எழுதிக்கொண்டாலன்றி மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது. வாடகை பாக்கி என்பதற்காகத் தண்ணீரையும் கரண்டையும் நிறுத்துவதும் குற்றமே. தெரிந்தவர்தானே என்று வாய்ப்பேச்சோடு விடுகிறவர்கள்தான் பிறகு அலைகிறார்கள். போர்ஷனுக்குப் போர்ஷன் தனி மீட்டர் இருந்தால் பாதிச் சண்டை குறையும்.

வருமான வரியில், வாங்கிய வாடகையில் கட்டிய வீட்டு வரியைக் கழித்து, மீதியில் 30 சதவீதம் ரசீது ஏதுமின்றியே கழிவு உண்டு. வாடகையைக் கடை வருமானத்தோடு சேர்க்காமல் வீட்டு வருமானமாகத் தனியே காட்ட வேண்டும்.

வில்லங்கச் சான்று, பட்டா, தாய்ப் பத்திரம் ஆகியவற்றை வக்கீலிடம் காட்டுவது எல்லோரும் அறிந்ததே. அதோடு வீட்டைச் சித்திரை வெயிலில் ஒரு முறையும் ஐப்பசி மழையில் ஒரு முறையும் போய்ப் பாருங்கள். கிணற்றில் தண்ணீர் நிற்கிறதா, தெருத் தண்ணீர் வாசல்படி ஏறுகிறதா என்பதைப் பத்திரத்தில் யாரும் எழுதுவதில்லை.