பீங்கான் தொட்டியில் சிறு கற்றாழை

விருத்தாசலத்துப் பீங்கான் சூளைகளிலிருந்து வரும் அகல்களையும் பொம்மைகளையும் மின்சாரப் பியூஸ் கட்டைகளையும் நம் அங்கத்தினர்கள் நன்கறிவர். மெருகு ஏற்றிய அச்சிறு கிண்ணமொன்றில் பசுஞ்செடி ஒன்றை வைத்துத் தறிக்கருகே அழகு பார்க்க எவருக்கும் ஆசை எழும். அதற்கு மிகவும் ஏற்றது ஹாவொர்த்தியா. தென்னாப்பிரிக்காவின் வறண்ட நிலங்களில் புதர்நிழலில் வளர்வது. நம் சோற்றுக் கற்றாழைக்கு உறவு. உள்ளங்கையில் அடங்கும் இச்செடி மெல்ல வளரும். ஆகவே, ஐந்தாண்டு வளர்ந்த செடி ஒரு வாரத்தில் அழுகிப்போனால், அதை ஈடுசெய்ய இன்னும் ஐந்தாண்டு வேண்டும்.

அழுகலுக்குக் காரணம் பெரும்பாலும் தொட்டியே. மெருகிட்ட பீங்கான் நீரை உறிஞ்சாது. மின்கட்டைக்கு அது உகந்ததும் அக்குணத்தாலேதான். செடிக்கோ அதுவே பகை. மண்சட்டியின் பக்கங்கள் வழியே ஈரம் கசிந்து உலரும். பீங்கானில் அவ்வழி அடைபட்டுவிடுகிறது. எனவே அடியில் துளையில்லாத கிண்ணத்தை, எவ்வளவு அழகாயிருப்பினும், வாங்கலாகாது. துளையின்மேல் ஓர் ஓட்டுச்சில்லை வைத்து, ஒரு பங்கு செம்மண்ணுடன் இரு பங்கு பருமணலோ செங்கற்பொடியோ கலந்து நிரப்புக. களிமண் கூடாது. தொழுவுரத்தையும் இதற்கு அள்ளிப்போட வேண்டுவதில்லை.

காய்ச்சலும் பாய்ச்சலும் என்பதை உழவருக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. இங்கே காய்ச்சல் நீளம், பாய்ச்சல் குறைவு, அவ்வளவே வேறுபாடு. ஈர்க்குக் குச்சியை அடிவரை செருகி எடுங்கள். மண் ஒட்டாமல் வந்தால் மட்டுமே நீர் வார்க்கலாம். அப்பொழுது துளைவழி வடியுமளவு தாராளமாக வார்த்திடுக. ஐப்பசி, கார்த்திகை அடைமழைக் காலத்தில் வாரக்கணக்கில் நீர் தேவைப்படாது. சித்திரை வெயிலிலும் இச்செடி வளர்ச்சியை ஒடுக்கிக்கொண்டு உறங்கும். அவ்வேளையில்தான் நாம் இரங்கி மிகுதியாக வார்த்துக் கெடுத்துவிடுகிறோம்!

இலைகளில் நீரைச் சேமிக்கும் இத்தகைய செடிகள் பகலில் தம் இலைத்துளைகளை மூடிக்கொண்டு இரவிலே கரியமில வாயுவை வாங்கிப் புளிப்பாக மாற்றி வைத்துக்கொள்கின்றன. சென்னை இராஜதானியில் கும்பினியின் தாவரவியலாளராகப் பணியாற்றிய பெஞ்சமின் ஹெய்ன் என்பார், ரணகள்ளி இலை காலையில் புளிப்பதையும் நண்பகலில் அப்புளிப்பு மறைவதையும் நாவினாலேயே கண்டறிந்தார். அவரது குறிப்பு 1815-இல் இலண்டனில் அச்சேறியது. வெயிலில் ஈரம் இழக்காதிருக்கச் செடி கையாளும் உபாயம் இது. தானே சிக்கனம் பிடிப்பதற்கு நாம் ஊட்டி ஊட்டி வளர்ப்பானேன்?

கிழக்கு ஜன்னலின் காலை ஒளி போதும். இலை செந்நிறமாகக் கருகினால் வெயில் மிகுதி, நீண்டு வெளிறினால் ஒளி குறைவு, சுருங்கினால் தாகம், அடியில் குழைந்து கண்ணாடிபோலானால் நீர் மிகுதி. கடைசிக் குறி கண்டவுடன் செடியைப் பிடுங்கி, அழுகிய வேரைக் கத்தியால் நீக்கி, நிழலில் நான்கைந்து நாள் உலர்த்திப் புதுமணலில் நடுக. வாழையைப் போலவே இதுவும் பக்கக்கன்று ஈனும். கன்றுக்கு வேர் இறங்கிய பின்னரே பிரித்து, வெட்டுவாய் காய்ந்ததும் வேறு தொட்டியில் வைக்கலாம்.