கதவும் உப்பும்

திருவரங்கத்திலிருந்து பெரம்பலூருக்கு வேனில் போய்க்கொண்டிருந்தோம். சமயபுரம் சுங்கச்சாவடியைத் தாண்டியதும் டிரைவர், கண்ணாடியில் ஒட்டியிருந்த ஃபாஸ்டாகைக் காட்டி, "முன்னயாவது கை நீட்டி வாங்குனான், திட்டலாம். இப்ப யாரத் திட்டறது?" என்றார். அதிகாரத்தின் புலப்படாமை குறித்து நம் ஃபூக்கோ வாசகர்கள் பத்துப் பக்கம் எழுதுவதை ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்.

1839-இல் வேல்ஸ் குடியானவர்கள் பெண் உடை தரித்து, முகத்தில் கரி பூசிக்கொண்டு எஃபைல்வென் சுங்கக் கதவை உடைத்தார்கள். விவிலியத்து ரெபெக்காள் பெயரில் நடந்த கலகம். வயலுக்குச் சுண்ணாம்பு ஏற்றிவரும் வண்டி கதவுக்குக் கதவு காசு அழவேண்டியிருந்தது. அரசு முதலில் பட்டாளத்தை அனுப்பியது, பிடிபட்ட சிலரை நாடு கடத்தியது. (1843-இல் ஹெண்டியில் கொல்லப்பட்ட சாரா வில்லியம்ஸ், கதவு காத்த கிழவி. கலகத்தைக் கொண்டாடுகிற நாம் அவளைத் தாண்டிப் போய்விடக் கூடாது.) அதே 1843-இல் விசாரணைக் குழு ஒன்று நேரில் போய் வாக்குமூலம் வாங்கியது. 1844 சட்டம் சுண்ணாம்புச் சுங்கத்தைப் பாதியாக்கியது.

அதே 1844-இல் சென்னை மாகாணத்தில் கும்பினி அரசின் ஆறாவது சட்டம் உள்நாட்டுச் சுங்கத்தை ஒழித்தது. குலோத்துங்கனுக்கு அடுத்த 'சுங்கம் தவிர்த்த' பட்டம் கும்பினிக்குத்தானா? சட்டத்தின் நீண்ட தலைப்பையே வாசித்தால் போதும்: உப்பின் விலையை நிர்ணயிப்பதும் அதில் சேர்த்தி. 1805 முதல் உப்பு அரசின் ஏகபோகம். சாவடியில் விட்டதை உப்பில் பிடித்தார்கள். வேல்ஸ்காரனுக்கு உடைக்க ஒரு கதவு இருந்தது. கஞ்சியில் கரைந்த வரியை எங்கே போய் உடைப்பது? பம்பாய் மாகாணத்தில் அதே வருஷம் உப்பு வரி இரட்டிப்பானபோது சூரத் மக்கள் தெருவில் இறங்கினார்கள். அரசு கொஞ்சம் இறங்கிவந்தது. இங்கே குடியானவன் புகாரைக் கேட்கச் சித்திரவதை விசாரணைக் குழு வந்ததே 1854-இல்தான், அதுவும் பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் பேச்சு எழுந்த பிறகு.

86 வருஷம் கழித்து, 1930 ஏப்ரல் 13 அன்று, ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தார்கள். புலப்படாத கதவுக்கு ஓர் இடம் கிடைத்தது: உப்பளம். தஞ்சை கலெக்டர் தார்ன், நடப்பவர்களுக்குச் சோறு போடுகிறவர்களுக்கும் தண்டனை என்று உத்தரவு போட்டார். அப்புறம் வழியோர மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலங்கள் தொங்கின. கட்டிவைத்தது யாரென்று கேட்டால் ஊரில் ஒருத்தருக்கும் தெரியாது.