வீடு திரும்பும் முன் கைவர வேண்டியவை

நீரிழிவு நோயாளி ஒருவர் மருத்துவமனையில் இருக்கும் நாள்களில், இன்சுலினைச் செவிலியர் செலுத்துகிறார். இரத்தச் சர்க்கரையையும் அவரே பார்த்துக் குறிக்கிறார். வீடு திரும்பிய மறுநாள் காலையில் அத்தனை வேலையும் நோயாளியின் கைக்கு வந்துவிடுகிறது. ஓர் ஆண்டில் மருத்துவர் அவரைக் காண்பது சில மணி நேரமே. மற்றப் பொழுதெல்லாம் அவருக்கு அவரே மருத்துவர். எனவே, மருத்துவமனையில் தங்கும் நாள்களைச் சிகிச்சைக்குரியவையாக மட்டுமன்றிப் பயிற்சிக்குரியவையாகவும் நாங்கள் கருதுகிறோம்.

இது புதிய கருத்தன்று. இன்சுலின் மனிதருக்கு முதன்முதலில் செலுத்தப்பட்டது 1922ஆம் ஆண்டு ஜனவரியில். அதற்கு முன்பே, 1918இல், பாஸ்டன் நகர மருத்துவர் எலியட் ஜாஸ்லின் நோயாளிகளும் படிப்பதற்கென்றே ஒரு நீரிழிவுக் கையேட்டை வெளியிட்டார். இன்று இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவுடன் வாழ்கின்றனர் என்று 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு கூறுகிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தால் மாத்திரைகள் இல்லம் தேடி வருகின்றன. மருந்து வீட்டுக்கு வந்துவிடும். அதைக் கையாளும் திறனை நாமே கற்றுக்கொள்ள வேண்டும்.

'புரிந்ததா?' என்று கேட்டால், பெரும்பாலும் 'சரிங்க' என்றே விடை வரும். அதனால் நாங்கள் அவ்வாறு கேட்பதில்லை. 'நீங்களே ஒருமுறை செய்துகாட்டுங்கள்' என்கிறோம். காதால் கேட்டது மறந்துபோகும். கையால் செய்தது நிலைக்கும். நீங்கள் செய்துகாட்ட வேண்டியவை நான்கு.

இன்சுலின் போடுதல்

முதலில் மருந்துக் குப்பியையும் ஊசிக்குழலையும் ஒப்பிட்டுப் பாருங்கள். குப்பியில் 40 என்றிருந்தால் சிவப்பு மூடியுள்ள 40 யூனிட் ஊசிக்குழலும், 100 என்றிருந்தால் ஆரஞ்சு மூடியுள்ள 100 யூனிட் ஊசிக்குழலும் வேண்டும். 100 என்று குறித்த மருந்தை 40 யூனிட் ஊசிக்குழலில் 10 கோடு வரை எடுத்தால், உடலுக்குள் செல்வது 10 யூனிட் அன்று, 25 யூனிட். உயிருக்கே ஆபத்தான தவறு இது. மாற்றிச் செய்தாலோ மருந்து பாதிகூடச் சேராது.

பால்போல் கலங்கிய இன்சுலினாயின், குப்பியை இரு உள்ளங்கைகளுக்கிடையே மெல்ல உருட்ட வேண்டும், குலுக்கக் கூடாது. தொப்புளிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளி, வயிற்றில் நாளும் இடம் மாற்றிப் போட வேண்டும். ஒரே இடத்தில் போட்டுவந்தால் தோல் தடித்து, மருந்து சீராக உடலில் சேராது. குளிர்பதனப் பெட்டி இல்லாத வீட்டில் என்ன செய்வது என்று கோலியனூர், வளவனூர்ப் பக்கத்துக் கிராமத்தார் பலர் கேட்கின்றனர். ஈரமணல் நிரப்பிய மண்பானைக்குள் ஒரு சிறு பானையை வைத்து, அதற்குள் தண்ணீர் புகாத டப்பாவில் குப்பியை இட்டு, நிழலில் வைக்கலாம். மணல் காயாமல் பார்த்துக்கொள்வது அவசியம். குளிர்பதனப் பெட்டி இருந்தாலும், பனிக்கட்டி உறையும் அறையில் வைக்கக் கூடாது. உறைந்த இன்சுலின் பயன்படாது.

சர்க்கரை அளவு பார்த்தல்

குளுக்கோமீட்டரைத் தொடுமுன் சோப்பிட்டுக் கைகழுவி ஈரம் துடைக்க வேண்டும். மாம்பழம் நறுக்கிய விரலில் இரத்தம் எடுத்தால், அளவு பொய்யாக உயர்ந்து காட்டும். விரல் நுனியின் நடுவில் குத்தாமல் ஓரத்தில் குத்தினால் வலி குறையும். கண்ட அளவை நாளும் நேரமும் இட்டு ஒரு நோட்டில் எழுதி, மறுமுறை வரும்போது கொண்டு வாருங்கள். மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் அந்த நோட்டைப் பார்த்தே முடிவாகும்.

சர்க்கரை குறைந்தால் அறிதல்

நடுக்கம், வியர்வை, படபடப்பு, கடும் பசி, பேச்சுத் தடுமாற்றம் ஆகியவை சர்க்கரை குறைவதன் அறிகுறிகள். அளவு 70க்குக் கீழே இருந்தால், அல்லது பார்க்க வழியில்லாவிட்டாலும், உடனே மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். 15 நிமிடம் கழித்தும் அறிகுறிகள் குறையாவிட்டால் மீண்டும் ஒருமுறை, தெளிந்ததும் உணவு. 'சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரை கொடுக்கலாமா?' என்று வீட்டார் தயங்கும் நிமிடங்களே ஆபத்தானவை. நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108ஐ அழையுங்கள். கரும்பு வெட்டவோ நடவு வேலைக்கோ செல்வோர் மடியில் சிறிது சர்க்கரையை எப்போதும் முடிந்துவைத்திருக்க வேண்டும்.

பாதம் காத்தல்

நீண்ட நாள் நீரிழிவில் பாதத்தின் உணர்ச்சி மங்குகிறது. முள் குத்தியது தெரியாது. சித்திரை வெயிலில் கோயில் பிரகாரத்துக் கல் சுட்டதும் தெரியாது. மறுநாள் காணும் கொப்புளம், கவனியாது விட்டால், சில வாரங்களில் விரலையோ காலையோ இழக்கச் செய்யலாம். ஆகவே, இரவு படுக்குமுன் அடிப்பாதத்தையும் விரலிடுக்குகளையும் பாருங்கள். குனிய இயலாதவர் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம். வெந்நீர் ஒத்தடம் வேண்டா. வரப்பிலும் செருப்பணிந்தே நடங்கள். தீமிதிக்கு வேண்டிக்கொள்ளுமுன், எங்களிடம் ஒரு சொல் கேளுங்கள். பாத உணர்ச்சியைச் சோதித்துச் சொல்கிறோம்.

வீட்டாருக்கு

இவை நான்கும் நோயாளிக்கு மட்டும் உரியவை அல்ல. சர்க்கரை குறைந்து மயங்குபவர் தமக்குத் தாமே உதவிக்கொள்ள இயலாது. அடுப்படியில் இருப்பவருக்கும் உடன் உறங்குபவருக்கும் இத்திறன்கள் தெரிந்திருக்க வேண்டும். ஆகவே, பயிற்சி நேரத்தில் வீட்டிலிருந்து ஒருவராவது உடனிருங்கள். காய்ச்சல் கண்டு உணவு குறைந்த நாளிலும் இன்சுலினைத் தாமாக நிறுத்தக் கூடாது. காய்ச்சலே சர்க்கரையை உயர்த்தும். எவ்வளவு போடுவது என்பதை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். வாந்தி நிற்காவிட்டால், காத்திராமல் மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள்.

எழுதப் படிக்கத் தெரியாதவர் இவற்றைக் கற்க முடியுமா என்ற ஐயம் சிலருக்கு உண்டு. முடியும். நாற்றுக்கு இடைவெளியைக் கண்ணாலேயே அளந்து நடும் கைகளுக்கு, ஊசிக்குழலின் கோட்டை எண்ணுவது பெரிய காரியமன்று. மூடியின் நிறத்தையும் கோட்டின் இடத்தையும் காட்டினால் போதும்.

வீட்டுக்கு அனுப்பும் சீட்டு உங்கள் கைக்கு வரும்போது, அதில் மருந்தின் பெயர்கள் இருக்கும். அதை வாங்கிக்கொள்ளுமுன், இந்த நான்கையும் செவிலியர் முன்னிலையில் ஒருமுறை செய்துகாட்டிவிட்டோமா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்று குறைந்தாலும் தயங்காமல் கேளுங்கள். எத்தனை முறை கேட்டாலும் காட்டித்தருவது எங்கள் கடமை. கேட்பது உங்கள் உரிமை.