வெம்மையும் தண்மையும்

நுழையும்முன்

உடல் தூய்மைக்காகக் குளிக்கிறோம் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால், எங்கே குளிப்பது, எவ்வாறு குளிப்பது, யாரோடு குளிப்பது என்பவற்றை ஒவ்வோர் இனத்தவரும் தத்தம் நிலத்திற்கும் வாழ்வுக்கும் ஏற்ப வகுத்துக்கொண்டுள்ளனர். பனி உறையும் வடபுலத்தில் பின்லாந்து மக்கள் வெப்ப அறையை நாடினர். வெயிலும் மழையும் நிறைந்த தென்கோடியில் நாஞ்சில் நாட்டு மக்கள் எண்ணெயையும் வேதினையும் குளத்தையும் நாடினர். இவ்விரு மரபுகளையும் அருகருகே வைத்து நோக்கினால், குளியல் உடல்நலத்தோடும் ஓய்வோடும் மட்டுமன்றிச் சமத்துவத்தோடும் தொடர்புடையது என்பது புலப்படும்.

பனிக்காட்டில் ஒரு மாலை

ஐரோப்பாவின் வடகோடியில் அமைந்த நாடு பின்லாந்து. ஏறத்தாழ 55 இலட்சம் மக்கள் வாழும் அந்நாட்டில் 30 இலட்சத்திற்கும் மேற்பட்ட சவுனாக்கள் உள்ளன எனக் கணக்கிடப்பட்டுள்ளது. சவுனா என்பது மரப்பலகைகளால் அமைந்த சிறிய வெப்பக் குளியலறை. வீடுகள், அடுக்குமாடிக் குடியிருப்புகள், ஏரிக்கரைக் குடில்கள் என எங்கும் அதனைக் காணலாம். அந்நாட்டின் நாடாளுமன்றக் கட்டடத்திலும் சவுனா உண்டு.

பின்லாந்தின் வடகோடியில் நடுக்குளிர்காலத்தில் பல வாரங்கள் கதிரவன் அடிவானத்திற்கு மேல் எழுவதே இல்லை. ஏரிகள் உறைந்து கிடக்கும். ஊசியிலை மரங்கள் பனியைச் சுமந்து நிற்கும். அத்தகைய காட்டிடையே, ஏரிக்கரைக் குடில் ஒன்றில் மாலையில் அடுப்பு மூட்டப்படும். அடுப்பின்மேல் கற்கள் குவிக்கப்பட்டிருக்கும். பழைய முறையிலான புகைச் சவுனாவில் புகைபோக்கி இராது. பல மணி நேரம் விறகெரித்துக் கற்களைச் சூடேற்றி, நெருப்பு அவிந்து புகை முழுதும் வெளியேறிய பின்னரே உள்ளே செல்வர்.

உள்ளே மரப்பலகைகள் படிகளைப்போல அமைந்திருக்கும். மேற்படியில் வெப்பம் மிகுதி, கீழ்ப்படியில் குறைவு. அவரவர் தாங்கும் ஆற்றலுக்கு ஏற்ற படியில் அமர்வர். ஒருவர் அகப்பையால் நீரை முகந்து கற்களின்மேல் ஊற்ற, அது சீறி ஆவியாய் எழும். அந்த ஆவியைப் பின்லாந்து மொழியில் 'லோய்லு' என்பர். அச்சொல் பழங்காலத்தில் உயிரையும் குறித்தது. தமிழிலும் 'ஆவி' என்னும் சொல் நீராவியையும் உயிரையும் ஒருங்கே குறிப்பது ஒப்பிட்டு மகிழத்தக்கது.

இலைகளோடு கட்டிய பிர்ச் மரக்கிளைக் கொத்தால் உடலை மெல்லத் தட்டிக்கொள்வதும் உண்டு. வியர்வை பெருகியதும் வெளியே வந்து பனிக்காற்றில் நிற்பர். துணிவுடையோர் உறைந்த ஏரியில் வெட்டிவைத்த துளைக்குள் இறங்கி விரைந்து ஏறுவர். பின்னர் மீண்டும் வெப்ப அறைக்குள் செல்வர். இவ்வாறு சூடும் குளிருமாகப் பலமுறை மாறி மாறி அமைவதே சவுனா மாலை. அங்கே விரைவுக்கு இடமில்லை, பேச்சும் குறைவு. வழிபாட்டிடத்தில் நடந்துகொள்வதைப்போலவே சவுனாவிலும் நடந்துகொள்ள வேண்டும் என்பது அம்மக்களின் முதுமொழி.

முற்காலத்தில் பெண்கள் சவுனாவிலேயே மகவு ஈன்றனர். இறந்தோரை இறுதியாக நீராட்டியதும் அங்கேதான். ஆடையும் பதவியும் செல்வமும் வெளியே நின்றுவிடுவதால், உள்ளே அமர்ந்திருப்போர் அனைவரும் ஒரு நிகரானவர் என்பது அம்மரபின் அடிப்படை. 2020ஆம் ஆண்டு டிசம்பரில் யுனெஸ்கோ நிறுவனம், பின்லாந்தின் சவுனாப் பண்பாட்டை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுகளுக்கான பட்டியலில் சேர்த்தது.

வெப்பம் செயற்படும் விதம்

சவுனாவின் வெப்பநிலை பொதுவாக 80 முதல் 100 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். அந்த அளவு சூடான நீர் உடலில் பட்டால் தோல் வெந்துபோகும். ஆனால், அதே சூடுள்ள காற்றில் மனிதரால் சிறிது நேரம் அமர முடிகிறது. காற்று வெப்பத்தை மெதுவாகவே கடத்துகிறது என்பது அதற்கு ஒரு காரணம். வறண்ட காற்றில் வியர்வை விரைந்து ஆவியாகித் தோலின் வெப்பத்தை எடுத்துச் செல்வது மற்றொரு காரணம்.

கற்களின்மேல் நீர் ஊற்றியவுடன் நிலைமை மாறுகிறது. காற்றில் ஈரப்பதம் கூடுவதால் வியர்வை ஆவியாவது குறைகிறது. நீராவி தோலின்மேல் படிந்து நீராக மாறும்போது தன் உள்ளுறை வெப்பத்தை உடலுக்குத் தருகிறது. ஆகவே, வெப்பநிலைமானியின் அளவு பெரிதும் மாறாதபோதும் உடல் மிகுந்த சூட்டை உணர்கிறது. இரத்தக் குழாய்கள் விரிகின்றன; இதயத் துடிப்பு விரைவுபடுகிறது. குளிர்நீரில் இறங்கியதும் தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன.

கிழக்குப் பின்லாந்தில் நடுத்தர வயதுடைய 2,315 ஆண்களை ஏறத்தாழ 20 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வொன்று 2015இல் வெளிவந்தது. வாரத்திற்கு நான்கு முதல் ஏழு முறை சவுனா சென்றோரிடையே இதய நோய் இறப்பு, வாரம் ஒருமுறை சென்றோரிடையே இருந்ததைவிடக் குறைவாக இருந்தது. இஃது ஒரு தொடர்பைக் காட்டுகிறதேயன்றிச் சவுனாவே அதற்குக் காரணம் என மெய்ப்பிக்கவில்லை. இதய நோயுடையோர் மருத்துவரின் அறிவுரையின்றி இத்தகைய கடுஞ்சூட்டையோ கடுங்குளிரையோ நாடுதல் தகாது.

வேதும் எண்ணெயும்

இனி நம் தென்கோடிக்கு வருவோம். கன்னியாகுமரி மாவட்டத்தின் தோவாளை, அகத்தீசுவரம் வட்டங்களை உள்ளடக்கிய பகுதியே பழைய நாஞ்சில் நாடு. இங்கே உறைபனி இல்லை. ஆயினும், வெப்பத்தையும் நீரையும் கொண்டு உடலைப் பேணும் மரபு இங்கும் ஆழ வேரூன்றியுள்ளது.

சித்த மருத்துவம் புற மருத்துவ முறைகளை முப்பத்திரண்டாக வகுக்கிறது. ஒற்றடம், வேது, தொக்கணம் ஆகியன அவற்றுள் அடங்கும். மூலிகை இட்டுக் கொதிக்கவைத்த நீரின் ஆவியை உடலில் படச்செய்வது வேது. சளியும் தலைபாரமும் உற்றபோது நொச்சி இலையிட்ட நீர்க்கலத்தின் முன் அமர்ந்து, போர்வையால் மூடிக்கொண்டு ஆவி பிடிப்பதை இன்றும் வீடுகளில் காணலாம். அந்தப் போர்வைக்குள் அமைவது ஒருவர்க்கே உரிய சிறு சவுனா எனலாம். கொதிநீர்க் கலம் கவிழ்ந்தால் பெருந்தீங்கு நேரும். ஆதலால், சிறுவர்களைத் தனியே வேது பிடிக்க விடலாகாது. கைகளால் உடலைப் பிடித்தும் தேய்த்தும் செய்வது தொக்கணம். வர்ம மருத்துவத்திற்குப் பெயர்பெற்ற இம்மாவட்டத்தில் ஆசான்கள் எண்ணெயிட்டு உடலை நீவும் கலையை வழிவழியாகப் போற்றி வருகின்றனர்.

பிள்ளை பெற்ற தாய்க்கு எண்ணெய் தேய்த்து, மூலிகை இலைகள் இட்டுக் காய்ச்சிய நீரில் குளிப்பாட்டும் வழக்கம் கேரளத்திலும் அதனை ஒட்டிய பகுதிகளிலும் உண்டு. வடபுலப் பெண்ணுக்கு மகப்பேற்றின்போது சவுனா அளித்த கதகதப்பைத் தென்புலப் பெண்ணுக்கு இம்மூலிகை நீர் அளித்தது.

வாரந்தோறும் எண்ணெய் தேய்த்துக் குளிப்பது தமிழர் மரபு. நல்லெண்ணெயையோ தேங்காயெண்ணெயையோ தலைமுதல் கால்வரை தேய்த்துச் சிறிது நேரம் ஊறவிடுவர். பின்னர்ச் சீயக்காய்த்தூளோ, பயற்றமாவோ, செம்பருத்தி இலையைக் கசக்கிப் பிழிந்த தாளியோ இட்டு எண்ணெய்ப் பசையைப் போக்குவர். எண்ணெய் ஊறும் அந்த நேரத்தில் வேறு வேலை எதுவும் செய்ய இயலாது. ஓய்வைக் கடமையாக்கிய ஏற்பாடு அது.

தெரிந்து தெளிவோம்

பின்லாந்து மக்கள் சனிக்கிழமையை 'லௌவந்தை' என்பர். 'குளியல் நாள்' எனப் பொருள்தரும் பழைய ஸ்காண்டிநேவியச் சொல்லிலிருந்து அது பிறந்தது. அந்நாட்டில் சனிக்கிழமை மாலையே மரபுவழியான சவுனா நேரம். தமிழகத்தில் ஆண்கள் எண்ணெய் தேய்த்துக் குளிப்பதற்கு உரியனவாகப் புதனும் சனியும் கருதப்படுகின்றன. ஔவையாரின் ஆத்திசூடியும் சனிக்கிழமை நீராடலை வலியுறுத்துகிறது எனப் பொருள் கொள்வர்.

குளமும் படித்துறையும்

'குளித்தல்' என்பதற்கு மூழ்குதல் என்னும் பொருளும் உண்டு. 'முத்துக்குளித்தல்' என்னும் வழக்கில் அப்பொருள் இன்றும் வாழ்கிறது. மூழ்கிக் குளிக்க நீர் நிறைந்த இடம் வேண்டும். தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளையும் பெறும் நாஞ்சில் நாட்டில் அதற்குக் குறைவில்லை. மலையிலிருந்து இறங்கும் பழையாறு வயல்களுக்கு நீர்தந்து, சுசீந்திரத்தைக் கடந்து மணக்குடியில் கடலோடு கலக்கிறது. கோதையாற்றின் திற்பரப்பு அருவி, எண்ணெய் தேய்த்துக் குளிப்போரை இன்றும் ஈர்க்கிறது. மழைநீரைத் தேக்கிய குளங்கள் ஊர்தோறும் அமைந்தன.

குளம் உழவுக்கு நீர் தந்ததோடு, ஊரார் நாள்தோறும் சந்திக்கும் களமாகவும் விளங்கியது. வயலிலிருந்து திரும்பியோர் களைப்பு நீங்கக் குளித்ததும், சிறுவர் நீச்சல் பயின்றதும், ஊர்ச் செய்திகள் பரவியதும் படித்துறையில்தான். வடபுலத்தின் வெப்ப அறை மக்களை ஒருங்கே அமரச் செய்தது. இங்கே அப்பணியைப் படித்துறை செய்தது. ஆனால், ஊரார் அனைவரும் அப்படித்துறையில் இறங்க முடிந்ததா என்னும் வினாவைத் தவிர்த்துச் செல்ல இயலாது.

முத்திரிக் கிணறு

கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 அன்று தமிழகத்தோடு இணைந்தது. அதற்கு முன் இப்பகுதி நெடுங்காலம் திருவிதாங்கூர் அரசின்கீழ் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே சாதிக் கொடுமை மிகுந்திருந்தது. ஒடுக்கப்பட்ட மக்கள் பொதுக் கிணறுகளையும் குளங்களையும் பயன்படுத்தத் தடுக்கப்பட்டனர். நீர் ததும்பிய நாட்டில் நீருக்கு உரிமையற்றவர்களாக உழைக்கும் மக்கள் வாழ்ந்தனர்.

இக்கொடுமையை எதிர்த்தவர் வைகுண்டர் (1809–1851). இன்று சாமிதோப்பு என வழங்கும் ஊரில் அவர் அமைத்த பொதுக் கிணறு 'முத்திரிக் கிணறு' எனப்படுகிறது. சாதி வேறுபாடின்றி அனைவரும் ஒரே கிணற்று நீரில் குளிக்கவும், ஒருங்கே அமர்ந்து உண்ணவும் அவர் வழிசெய்தார். வாகைப்பதிக் கடற்கரையில் அவருடைய வழிநின்ற ஏறத்தாழ 700 குடும்பத்தினர் 'துவையல் தவசு' என்னும் நோன்பை மேற்கொண்டனர் என அவ்வழியினர் கூறுவர். அவர்கள் நாள்தோறும் மூன்று முறை கடலில் நீராடினர். உடைகளைத் துவைத்துத் தூய்மையாக உடுத்தினர். ஒரே வேளை உண்டனர். தூய்மைக்குத் தகுதியற்றவர் எனத் தள்ளிவைக்கப்பட்ட மக்கள், தூய்மையைத் தம் அன்றாட ஒழுக்கமாக்கிக் காட்டிய நிகழ்வு இது.

மராட்டிய மாநிலத்தின் மகாத் நகரில் சவுதார் குளத்து நீரை ஒடுக்கப்பட்ட மக்களோடு சென்று அம்பேத்கர் பருகியது 1927 மார்ச் 20 அன்று. அதற்கு முக்கால் நூற்றாண்டுக்கும் முன்பே தென்கோடியில் ஒரு கிணறு சமத்துவத்தின் சின்னமாக விளங்கியது. திருவிதாங்கூரில் கோவில் நுழைவுப் பிரகடனம் 1936 நவம்பர் 12 அன்று வெளியானது. சவுனாவின் பலகையில் அனைவரும் ஒரு நிகராக அமர்வதைப் பின்லாந்து மக்கள் இயல்பான வழக்கமாகக் கொண்டனர். நம் மண்ணிலோ அந்த நிகர்நிலைக்காகத் தனியே ஒரு கிணறு வெட்ட வேண்டியிருந்தது.

நீரின் இன்றைய நிலை

இன்று வீடுகளுக்குள் குழாய்நீரும் குளியலறையும் வந்துவிட்டன. அவற்றால் பெண்களுக்கும் முதியோர்க்கும் விளைந்த நன்மை பெரிது. அதே வேளையில், குளிக்காத குளத்தை ஊர் மறந்துவிடுகிறது. கழிவுநீரும் ஞெகிழிக் குப்பையும் அதனைச் சேர்கின்றன, ஆகாயத்தாமரை நீரை மூடுகிறது, கரைகள் ஆக்கிரமிக்கப்படுகின்றன. மாசடைந்த நீர் உயிருக்கும் ஊறு விளைவிக்கும். நன்னீரில் வாழும் அமீபா வகை ஒன்று மூக்கின் வழியே மூளையை அடைந்து உயிரிழப்பை ஏற்படுத்துவதை அண்டை மாநிலமான கேரளம் அண்மை ஆண்டுகளில் கண்டது. சவுனா அறையும் நீராவிக் குளியலும் இன்று நம் நகரங்களின் பெரிய விடுதிகளில் கிடைக்கின்றன. ஆயினும், கட்டணம் செலுத்த இயன்றவர்க்கு மட்டுமே திறக்கும் கதவு ஊர்ப் படித்துறைக்கு ஈடாகாது.

நம்பிக்கை தரும் செய்தியும் உண்டு. பறவைகள் நாடிவரும் சுசீந்திரம் – தேரூர் ஈரநிலப் பகுதி, 2022ஆம் ஆண்டு பன்னாட்டுச் சிறப்புமிக்க ராம்சார் ஈரநிலங்களுள் ஒன்றாக அறிவிக்கப்பட்டது. தேரூர், கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை பிறந்த ஊராகும். பறவைகளுக்குப் புகலிடமாகும் நீர், மனிதரும் அச்சமின்றி இறங்கக்கூடிய நீராக இருத்தல் வேண்டும்.

பின்லாந்தின் பனியை நாம் இங்குக் கொண்டுவர இயலாது. கொண்டுவரத் தேவையும் இல்லை. நமக்கென வேதும் எண்ணெயும் ஆறும் குளமும் உள்ளன. உங்கள் ஊர்க் குளத்திற்கு நீர் எவ்வழியே வருகிறது, கடைசியாக எப்போது அது தூர்வாரப்பட்டது, முற்காலத்தில் அதில் யார் இறங்க முடிந்தது, யார் இறங்க முடியவில்லை என்பவற்றை ஊர்ப் பெரியோரிடம் கேட்டறியுங்கள். நீர் தூயதாக இருப்பதும், அதில் இறங்கும் உரிமை அனைவர்க்கும் இருப்பதும் சேர்ந்தாலன்றி ஒரு குளம் ஊரின் பொதுக்குளம் ஆகாது.