மருந்துச் சீட்டும் கறுப்புக் கோடுகளும்



மருந்தகத்திற்குப் பார்கோடு ஸ்கேனரும் கம்ப்யூட்டரும் தேவை என்று நாங்கள் சொல்லும்போது, "ஏழைகளுக்கு மருந்து வாங்க வேண்டிய பணத்தில் இந்த இயந்திரம் எதற்கு? இது பெரிய கடைகளுக்கு உரியதல்லவா?" என்று நண்பர்கள் சிலர் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. கொடுக்கிறவருக்குக் கணக்குக் கேட்கும் உரிமை உண்டு. ஆகவே இந்த இயந்திரம் எப்படி வேலை செய்கிறது, எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதை இங்கே விளக்குகிறோம்.

தவறு எங்கே நுழைகிறது?

டாக்டர் சீட்டு எழுதுகிறார். மருந்தாளுநர் அதைப் படித்து, அலமாரியிலிருந்து மருந்தை எடுத்து, எண்ணி, கவரில் போட்டு, வேளை எழுதி, பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுக்கிறார். இந்த ஒவ்வொரு படியிலும் தவறு நுழைய இடம் உண்டு. குளோர்புரோமசின் மனநோய்க்குக் கொடுக்கப்படுவது; குளோர்புரோபமைடு இரத்தத்தில் சர்க்கரையைக் குறைப்பது. அவசரக் கையெழுத்தில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஹைட்ரலசின் இரத்த அழுத்தத்திற்கு, ஹைட்ராக்சிசின் அரிப்புக்கு. ஒரே கம்பெனியின் 250 மில்லிகிராம் மாத்திரையும் 500 மில்லிகிராம் மாத்திரையும் ஒரே நிற அட்டையில் வருவதும் உண்டு. காலை பத்து மணிக்கு ஜன்னலுக்கு வெளியே நீண்ட வரிசை நிற்கும்போது, எவ்வளவு அனுபவமுள்ள கையும் தடுமாறலாம்.

படித்தவர் வீட்டிற்குப் போய் அட்டையைத் திருப்பிப் பார்த்து, "இது வேறு மருந்தாயிற்றே" என்று திரும்பி வருவார். எழுத்தறியாத தாய் அப்படி வருவதில்லை. கவரில் இருப்பதை நம்பி விழுங்குவார், பிள்ளைக்கும் கொடுப்பார். ஆகவே இந்தப் பாதுகாப்பு ஏழைகளுக்கே அதிகம் தேவை. மருந்துத் தவறுகளால் உலகிற்கு ஆண்டுதோறும் சுமார் 4,200 கோடி டாலர் இழப்பு என்று 2017இல் உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டு, அவற்றைக் குறைக்கத் தனி இயக்கமே தொடங்கியது.

கோடுகள் என்ன சொல்கின்றன?

இன்று நாம் காணும் வகைப் பார்கோடு முதன்முதலில் கடையில் பயன்பட்டது 1974 ஜூன் 26 அன்று, அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில். அன்று ஸ்கேன் செய்யப்பட்ட பொருள் ஒரு சூயிங்கம் பாக்கெட்.

ஸ்கேனர் ஒளியைப் பாய்ச்சுகிறது. கறுப்புக் கோடு ஒளியை விழுங்கும், வெள்ளை இடைவெளி அதைத் திருப்பி அனுப்பும். கோடுகளின் அகலத்தை அளந்து கருவி எண்களைப் படிக்கிறது. நம் நாட்டுப் பொருள்களில் பெரும்பாலும் 13 எண்கள் இருக்கும். 890 என்று தொடங்குவது, அந்தக் கம்பெனி இந்தியாவில் பதிவு பெற்று எண் வாங்கியிருப்பதைக் காட்டும். கடைசி எண் ஒரு காவலாளி. முதல் 12 எண்களில் ஒற்றைப்படை இடத்தில் உள்ளவற்றை அப்படியேயும், இரட்டைப்படை இடத்தில் உள்ளவற்றை மூன்றால் பெருக்கியும் கூட்டினால் வரும் தொகையை அடுத்த பத்துக்கு நிறைவு செய்வதே 13ஆம் எண். நடுவில் ஓர் எண் தவறாகப் படிக்கப்பட்டாலும் கணக்கு உதைக்கும், கருவி ஏற்காது.

ஆனால் அந்தக் கோடுகளில் மருந்தின் பெயர் இல்லை. அது வீட்டுக் கதவு எண் மாதிரி. உள்ளே யார் இருக்கிறார் என்பதைக் கம்ப்யூட்டரில் நாம் எழுதிவைத்த பட்டியல்தான் சொல்லும். சாதாரணக் கோட்டுக் குறியில் தொகுதி எண்ணும் காலாவதித் தேதியும் இருப்பதில்லை. சதுர வடிவப் புள்ளிக் குறிகளில் அவற்றையும் அடக்கலாம். அதிகம் விற்பனையாகும் 300 மருந்துப் பெயர்களுக்குப் பார்கோடு அல்லது கியூஆர் குறி கட்டாயம் என்று 2023 ஆகஸ்ட் 1 முதல் இந்திய அரசு விதித்திருக்கிறது. மருந்தின் பெயர், தயாரிப்பாளர், தொகுதி எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி ஆகியவை அதில் அடங்க வேண்டும்.

ஜன்னலில் நடப்பது

நோயாளியின் அட்டையில் ஒட்டிய குறியை முதலில் ஸ்கேன் செய்ய வேண்டும். அவருக்கு எழுதப்பட்ட மருந்துகள் திரையில் வரும். அடுத்து அலமாரியிலிருந்து எடுத்த மருந்தை ஸ்கேன் செய்ய வேண்டும். பொருந்தினால் திரை ஏற்கும். மருந்தோ அளவோ மாறினால் தடுக்கும். ஒரே நாளில் மூன்று செல்விகளும் நான்கு மேரிகளும் வருகிற இடத்தில், பெயரைவிட எண் நம்பகமானது. கொடுத்தவுடன் இருப்பிலிருந்தும் அது கழிந்துவிடும்.

இதில் இன்னொரு நன்மையும் உண்டு. ஒரு தொகுதி மருந்து தரமற்றது என்று அரசு அறிவித்தால், அது எந்தெந்த நோயாளிக்குப் போயிற்று என்று பதிவேடுகளை நாள் கணக்கில் புரட்ட வேண்டாம். பெயர்ப் பட்டியல் உடனே கிடைக்கும். ஆள் அனுப்பித் திரும்ப வாங்கலாம். முதலில் காலாவதியாவதை முதலில் கொடுப்பதும் எளிதாகும். நீங்கள் கொடுத்த பணத்தில் வாங்கிய மருந்து அலமாரியின் பின்புறம் கிடந்து வீணாகாது.

மற்றவர்கள் கண்டது

அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில், டொபீகா நகரின் முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் சூ கின்னிக் என்ற செவிலியர் இருந்தார். 1990களின் தொடக்கத்தில் வாடகைக் கார் ஒன்றைத் திருப்பிக் கொடுக்கையில் அதை ஸ்கேன் செய்வதைப் பார்த்து, காருக்குச் செய்வதை மருந்துக்கு ஏன் செய்யக்கூடாது என்று எண்ணினார். அவர் மருத்துவமனையில் தொடங்கிய அந்த முறை, பின்னர் நாடெங்கும் உள்ள முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளுக்குப் பரவியது.

பாஸ்டன் நகரின் பிரிகாம் மகளிர் மருத்துவமனை மருந்தகத்தைப் பற்றி 2006இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. எல்லா மருந்துகளையும் ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்த முறைகளில், ஆராய்ந்த வகைத் தவறுகள் 93 முதல் 96 சதவீதம் வரை குறைந்தன. எல்லாவற்றையும் ஸ்கேன் செய்யத் தேவையில்லை என்று விட்ட முறையிலோ 60 சதவீதமே குறைந்தது. அதோடு நோயாளிக்குத் தீங்கு தரக்கூடிய தவறுகள் கூடவே செய்தன. அரைகுறையாகச் செய்தால் பாதி நன்மையாவது கிடைக்கும் என்று எண்ண வழியில்லை.

நமக்குள்ள இடையூறுகள்

நம் நாட்டில் பத்து மாத்திரை அட்டையை நான்கும் ஆறுமாகக் கத்தரித்துக் கொடுப்பது வழக்கம். குறியும் தேதியும் ஒரு துண்டோடு போய்விடும். மீதித் துண்டுக்கு அடையாளம் இராது. ஆகவே தேதி இல்லாத பக்கத்திலிருந்தே வெட்ட வேண்டும். பல மருந்துகளுக்கு வெளிப்பெட்டியில் மட்டுமே குறி உண்டு. சிலவற்றிற்கு அதுவும் இல்லை. சரக்கு வந்தவுடன் மருந்தகமே தொகுதி எண், தேதியுடன் லேபிள் அச்சிட்டு ஒட்டுவதே வழி. அங்கே இரண்டாவது ஆள் சரிபார்த்தே ஆக வேண்டும். லேபிளே தவறானால், கருவி அந்தத் தவறை நாள் முழுவதும் உண்மையாகத் திரும்பச் சொல்லும். மின்சாரம் நின்றால் வேலை நிற்காதிருக்கக் கையெழுத்துப் பதிவேடும் வேண்டும்.

கருவி அறியாதவை

டாக்டரே தவறாக எழுதினால் ஸ்கேனருக்குத் தெரியாது. மூட்டுவாதத்திற்கு வாரம் ஒருமுறை கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட்டைத் தினமும் என்று எழுதிவிட்டால் உயிருக்கே ஆபத்து. அப்போதும் மாத்திரை சரியானது என்றே கருவி சொல்லும். மருந்தாளுநரின் படிப்புதான் அங்கே தடுக்க வேண்டும். மனிதர் கருவியை ஏமாற்றவும் கூடும். நோயாளியின் குறிக்கு நகல் எடுத்து மேசையில் ஒட்டிவைத்து, படுக்கைக்குப் போகாமலே ஸ்கேன் செய்வது போன்ற 15 வகைக் குறுக்குவழிகளை அமெரிக்க மருத்துவமனைகளில் 2008இல் ஆய்வாளர்கள் பட்டியலிட்டார்கள். சோம்பல் மட்டும் அதற்குக் காரணம் அல்ல. படிய மறுக்கும் லேபிள், தீர்ந்துபோன பாட்டரி, ஆள் பற்றாக்குறை ஆகியவையும் காரணங்கள்.

ஆகவே நண்பர்களே, எளிய ஸ்கேனர் ஒன்று சில ஆயிரம் ரூபாயில் கிடைத்துவிடும். லேபிள் அச்சிடும் இயந்திரமும், சரியாக எழுதப்பட்ட மருந்துப் பட்டியலும், அதை நாள்தோறும் திருத்தும் ஆளும், அவசரமின்றி ஒவ்வொரு பாக்கெட்டையும் ஸ்கேன் செய்யும் நேரமுமே உண்மையான செலவு. ஒரு மருத்துவமனை ஸ்கேனருக்கென்று உதவி கேட்டால், இவற்றுக்கும் வழி செய்திருக்கிறீர்களா என்று தாராளமாகக் கேளுங்கள். எங்களிடமும் கேளுங்கள். உங்கள் கேள்விகளும் நோயாளிகளைக் காக்க உதவும்.