பூட்ஸுக்கு அடியில் வெறுங்கால்

மழை விட்ட காலையில் செம்மநத்தம் பக்கம் மண்பாதையில் நடந்திருக்கீங்களா? செருப்புத் தடம், காட்டெருமைக் குளம்பு, மூட்டை சுமந்து போனவரின் வெறுங்கால் தடம்னு எல்லாமே சேற்றில் பதிஞ்சு கிடக்கும். யார், எந்தப் பக்கம் போனாங்கன்னு பழகின கண்ணு பார்த்ததுமே சொல்லிடும். போர்க்காலத்தில் இதே தடம் ஆளையே காட்டிக் கொடுத்துடும்.

இரண்டாம் உலகப்போரில் மலாயா ஜப்பானியர் வசம் இருந்தது. பிரிட்டனின் எஸ்.ஓ.இ. என்ற ரகசிய அமைப்பு கடல்வழியாக ஆட்களை அங்கே இறக்கியது. 1943 மே மாதம் ஜான் டேவிஸின் சிறு குழு, இலங்கையிலிருந்து டச்சு நீர்மூழ்கிக் கப்பலில் போய் இறங்கியது இப்படித்தான். ஊர் ஜனங்க வெறுங்காலோடு நடக்கிற கரையில் பூட்ஸ் தடம் தெரிந்தால் கதை முடிஞ்சது. அதனால் தென்கிழக்கு ஆசியாவுக்குப் போகும் ஆட்களுக்காக எஸ்.ஓ.இ. ஒரு ரப்பர் உறை செய்தது. பூட்ஸ் மேல் மாட்டிக்கலாம். அடிப்பாகம் மட்டும் ஐந்து விரலோடு அச்சு அசல் மனிதப் பாதம்!

இது எடுபடுமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பாதம் தரையைத் தொடும் பரப்பு சுமார் 100 சதுர செ.மீ. என்று வைப்போம். 55 கிலோ ஆள் ஒற்றைக்காலில் நிற்கும்போது சதுர செ.மீ.க்கு 0.55 கிலோ எடை இறங்கும். 75 கிலோ ஆள் 25 கிலோ மூட்டையோடு அதே அளவுப் பாதத்தில் நின்றால் 1 கிலோ. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு! ஈரமண்ணில் தடம் அதிகமாப் புதையும்.

அடுத்து விரல்கள். வெறுங்கால் சேற்றில் விரலை விரிச்சுப் பிடிமானம் தேடும். ஒவ்வொரு அடியும் கொஞ்சம் மாறும். ரப்பர் அச்சு அடிக்கு அடி ஒரே மாதிரி விழும். கிறிஸ்டியான் டாவுட் குழு 2009இல் வெளியிட்ட ஆய்வில், வெறுங்காலோடு நடந்தே பழகிய இந்தியர்களின் பாதம் அகலமாகவும், அழுத்தம் பாதம் முழுக்கப் பரவலாகவும் இருந்தது. பூட்ஸுக்குப் பழகிய நடைக்கு அது வராது.

ஆக, அவசரமாப் பார்ப்பவரை இந்த உறை ஏமாற்றும். தேர்ந்த தடம் பார்ப்பவரை ஏமாற்றுவது கஷ்டம். 1965, 1971 போர்களில் நம் ராணுவத்துக்கு உதவிய குஜராத்தின் ரண்சோட்தாஸ் பாகி மாதிரி ஆட்கள் உருவத்தை மட்டுமா பார்ப்பாங்க? ஆழம், இடைவெளி, நடை எல்லாத்தையும் சேர்த்துத்தான் படிப்பாங்க.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கு. தடம் உள்ளூர்க்காரருடையது மாதிரி இருந்தால், சந்தேகமும் உள்ளூர்க்காரர் மேலதானே விழும்? மலாயா ரப்பர் தோட்டங்களில் கூலி வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் நம்ம தமிழர்கள். ஒளிவேஷம் போட்டவர் தப்பிச்சுடலாம். யாருடைய காலை இரவல் வாங்கினாரோ அவருக்கு ஓடி ஒளிய இடம் இல்லை. எந்த டிசைன் போட்டாலும், அதன் பாரம் கடைசியில் யார் தலையில் விழுதுன்னு ஒருமுறை பார்த்துடுங்க.